எம்டனைத் தெரியும், வுல்ஃபைத் தெரியுமா?



சாமர்த்தியமும் கொஞ்சம் தில்லுமுல்லும் சேர்ந்த ஆளைப் பார்த்தால் ‘சரியான எம்டன்’ என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வதுண்டு. 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகள் மீது குண்டு மழை பொழிந்துவிட்டுப் போன ஜெர்மன் போர்க்கப்பலின் பெயர் அது. அரை மணி நேரச் சத்தம்தான். அது தமிழில் ஒரு சொல்லாகவே நின்றுவிட்டது. 2006-இல் ஒரு சினிமாவுக்கே ‘எம்டன் மகன்’ என்று முதலில் பெயர் வைத்தார்கள்.

ஆனால் அதே முதல் உலகப் போரில் இன்னொரு ஜெர்மன் கப்பலும் நம் கடலுக்கு வந்தது. ஒரு குண்டுகூட நம் கரையை நோக்கிச் சுடவில்லை. யார் கண்ணிலும் படவில்லை. வந்த சுவடு தெரியாமல் போய்விட்டது. அது செய்த சேதமோ மாதக்கணக்கில், ஒரு வருடத்துக்கு மேலும்கூட, தொடர்ந்தது. அதன் பெயர் வுல்ஃப். ஓநாய் என்று பொருள். அது போர்க்கப்பலாகப் பிறந்ததல்ல, சாதாரணச் சரக்குக் கப்பல். இந்த இதழில் அந்தக் கப்பலைப் பற்றியும், அது போட்டதைப் போன்ற கண்ணிகளை வாரி எடுக்கப் போன வேறு சரக்குக் கப்பல்களைப் பற்றியும் சொல்கிறேன். கடைசியில் கதை நம் ஊர்ப் பெயருக்கே வந்து சேரும். பொறுமையாகப் படியுங்கள்.

வியாபாரத்துக்கு வந்த கம்பெனி

ஜெர்மனியின் பிரேமன் நகரில் ஹன்சா என்றொரு கப்பல் கம்பெனி இருந்தது. அதன் முக்கிய வியாபாரமே இந்தியாவோடுதான். அதன் கப்பல்களின் பெயர்கள் எல்லாம் ‘ஃபெல்ஸ்’ என்று முடியும். ஜெர்மன் மொழியில் பாறை என்று அர்த்தம். அப்படி 1913-இல் கட்டப்பட்ட கப்பல் வாக்ட்ஃபெல்ஸ். மணிக்குப் பத்துப் பதினோரு கடல் மைல் வேகம்தான். பார்க்க அழகோ கம்பீரமோ இல்லை. துறைமுகத்தில் பத்துக் கப்பல்களோடு நின்றால் அடையாளம் தெரியாது.

ஜெர்மன் கடற்படைக்கு வேண்டியிருந்ததும் அதுதான். எம்டன் வேகமான கப்பல், ஆனால் நிலக்கரிக்காக ஓயாமல் அலைய வேண்டியிருந்தது. பார்த்தவுடனே போர்க்கப்பல் என்றும் தெரிந்துவிடும். 1914 நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவுகள் அருகே ஆஸ்திரேலியாவின் சிட்னி கப்பல் அதை வீழ்த்தியது. சரக்குக் கப்பலுக்கு அந்தக் குறைகள் இல்லை. பெரிய சரக்கறைகளில் ஆயிரக்கணக்கான டன் நிலக்கரியை அடைக்கலாம். மெதுவாக ஓட்டினால் எந்தத் துறைமுகத்தையும் தொடாமல் மாதக்கணக்கில் கடலிலேயே இருக்கலாம்.

வாக்ட்ஃபெல்ஸை வுல்ஃப் ஆக்கினார்கள். 6 பெரிய பீரங்கிகளை, தேவைப்படும்போது மட்டும் கீழே விழும் பக்கப் பலகைகளுக்குப் பின்னால் மறைத்தார்கள். டார்பிடோக் குழாய்கள் வைத்தார்கள். பாய்மரக் கம்பங்களின் உயரத்தையும் புகைபோக்கியின் தோற்றத்தையும் மாற்றிக்கொள்ள ஏற்பாடு செய்தார்கள். ‘ஓநாய்க்குட்டி’ என்று பெயரிட்ட ஒரு சிறு கடல்விமானத்தையும் ஏற்றினார்கள். சரக்கறையில் 450-க்கும் மேற்பட்ட கடற்கண்ணிகளை அடுக்கினார்கள். கப்பலின் உண்மையான சரக்கு அதுதான். கேப்டன் கார்ல் ஆகஸ்ட் நெர்கர் தலைமையில் 1916 நவம்பர் 30 அன்று கீல் துறைமுகத்திலிருந்து கிளம்பியது.

கடற்கண்ணி என்றால் என்ன?

பிள்ளைகள் கேட்டால் சொல்வதற்காக இதைக் கொஞ்சம் விளக்குகிறேன். கனமான இரும்புப் பெட்டி ஒன்று கடலடியில் போய் உட்காரும். அதிலிருந்து ஒரு கம்பி மேலே வரும். அதன் நுனியில் வெடிமருந்து நிரப்பிய இரும்புக் கோளம், நீர்மட்டத்துக்குச் சில மீட்டர் கீழே, கட்டிப்போட்ட பலூன் மாதிரி மிதந்துகொண்டிருக்கும். மேலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது. கோளத்தில் ஈயத்தாலான கொம்புகள் நீட்டிக்கொண்டிருக்கும். கப்பல் இடித்து ஒரு கொம்பு வளைந்தால் உள்ளே இருக்கும் கண்ணாடிக் குப்பி உடையும். அதிலுள்ள அமிலம் வழிந்து மின்கலத்தில் இறங்கும், மின்சாரம் பிறக்கும், மருந்து வெடிக்கும். அவ்வளவுதான். காவலுக்கு ஆள் வேண்டாம், குறி பார்க்க ஆள் வேண்டாம். எதிரியா, நண்பனா, நடுநிலை நாட்டுக் கப்பலா என்றெல்லாம் அது கேட்காது.

கொழும்பு, பம்பாய்

வுல்ஃப் முதலில் தென்னாப்பிரிக்கக் கடலோரம் கண்ணி போட்டது. பிறகு இந்துமாக் கடலில் ஏறி வந்து, 1917 பிப்ரவரியில் கொழும்புக்கு வெளியே கண்ணிகளை இறக்கியது. அடுத்து பம்பாய்.

பிப்ரவரி 17 அன்று கொழும்பு அருகே வொர்செஸ்டர்ஷயர் என்ற கப்பல் மூழ்கியது. 21-ஆம் தேதி அதே பகுதியில் பெர்சியஸ் மூழ்கியது. நம் கரையிலிருந்து தெற்கே போகிற, மேற்கே ஐரோப்பாவுக்குத் திரும்புகிற கப்பல்களெல்லாம் சுற்றிக்கொண்டு போகும் முனை அது. பம்பாய்க்கு வெளியே ஜூன் 11 அன்று சிட்டி ஆஃப் எக்ஸிடர் சேதமடைந்தது. ஜூன் 23 அன்று பி அண்ட் ஓ கம்பெனியின் மங்கோலியா என்ற பயணிகள் கப்பல் மோதிச் சில நிமிடங்களில் மூழ்கியது. 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

தேதிகளைக் கொஞ்சம் ஒப்பிட்டுப் பாருங்கள். பம்பாய்க் கண்ணிகள் போட்டது பிப்ரவரியில். மங்கோலியா மூழ்கியது ஜூன் கடைசியில். அன்று வுல்ஃப் எங்கே? ஆயிரக்கணக்கான மைல் தள்ளி, நியூசிலாந்தை நெருங்கிக்கொண்டிருந்தது. அடுத்த சில நாட்களில் அங்கேயும் கண்ணி போட்டது.

ஆஸ்திரேலியாவின் கேபோ தீவு அருகே ஜூலை 6 அன்று கம்பர்லண்ட் என்ற கப்பலில் வெடி வெடித்தபோது, கப்பலுக்குள்ளேயே யாரோ குண்டு வைத்துவிட்டார்கள் என்றுதான் அதிகாரிகள் முதலில் நினைத்தார்கள். கண்ணில் படாத எதிரியை நம்புவது அவ்வளவு எளிதல்ல. பக்கத்தில் இருப்பவனைச் சந்தேகிப்பது எளிது.

மூன்று கொடி கண்ட கப்பல்

இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி, அதே ஹன்சா கம்பெனியின் குட்டென்ஃபெல்ஸ் என்ற கப்பலைப் பற்றியது. போர் தொடங்கியதும் எகிப்தில் பிரிட்டிஷார் அதைப் பிடித்து டரிட்டெல்லா என்று பெயர் மாற்றினார்கள். 1917 பிப்ரவரி 27 அன்று அரபிக் கடலில் அது வுல்ஃபின் கையில் சிக்கியது. நெர்கர் அதற்கு இல்டிஸ் என்று பெயர் வைத்து, 25 கண்ணிகளைக் கொடுத்து ஏடனுக்கு அனுப்பினார். கண்ணிகளைப் போட்டு முடித்த கையோடு, மார்ச் 5 அன்று பிரிட்டிஷ் ஓடின் கப்பல் எதிரே வர, ஜெர்மானியர்கள் தாங்களே கப்பலை மூழ்கடித்துவிட்டார்கள். ஜெர்மன், பிரிட்டிஷ், மறுபடியும் ஜெர்மன் என்று மூன்றே வருடத்தில் மூன்று பெயர், கடைசியில் கடலடி.

வுல்ஃப் மொத்தம் 14 கப்பல்களைப் பிடித்தது. மாலத்தீவு அருகே ஜப்பானின் ஹிட்டாச்சி மாரு, கொழும்புக்கு நிலக்கரி கொண்டுவந்துகொண்டிருந்த ஸ்பெயின் நாட்டு இகோட்ஸ் மெண்டி ஆகியவை அவற்றில் அடக்கம். பிடித்த கப்பல்களின் நிலக்கரியையும் சாப்பாட்டையும் வைத்தே காலம் ஓட்டியது. 451 நாள் எந்தத் துறைமுகத்தையும் தொடாமல், சுமார் 64,000 கடல் மைல் சுற்றி, 1918 பிப்ரவரி 24 அன்று கீல் திரும்பியது. கப்பலில் நூற்றுக்கணக்கான கைதிகள் இருந்தார்கள். காய்கறி, பழம் இல்லாமல் பலருக்கு ஸ்கர்வி நோய் வந்திருந்தது. கேப்டனுக்கு ஜெர்மனியின் மிக உயர்ந்த விருது கிடைத்தது.

அவர் கணக்கு அத்தோடு முடிந்தது. கடலில் முடியவில்லை. நான்கு மாதம் கழித்து, 1918 ஜூன் 26 அன்று, நியூசிலாந்து அருகே விம்மெரா என்ற பயணிகள் கப்பல் வுல்ஃபின் பழைய கண்ணியில் மோதியது. 26 பேர் இறந்தார்கள்.

வாரி எடுத்தவர்கள்

போட்டவர் ஊர் போய்ச் சேர்ந்த பிறகு அந்தக் கண்ணிகளை எடுத்தது யார்? அதற்கும் சாதாரணக் கப்பல்களைத்தான் தேட வேண்டியிருந்தது. ஆஸ்திரேலியாவில் நியூ சவுத் வேல்ஸ் அரசின் மீன்பிடி டிராலர்களான குனுண்டால், கொராகா இரண்டையும் கண்ணிவாரிகளாக்கி கேபோ தீவுக்கு அனுப்பினார்கள். நியூசிலாந்திலும் மீன்பிடிக் கப்பல்கள்தான் போயின. பம்பாயிலும் கல்கத்தாவிலும் இந்தப் பணிக்காகவே டிராலர் வகைக் கப்பல்கள் கட்டப்பட்டன.

மீன்பிடிக் கப்பலும் சிறு சரக்குக் கப்பலும் ஏன்? நம் வம்பாகீரப்பாளையத்துக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். கண்ணி வாருவது கிட்டத்தட்ட வலை இழுப்பது போன்ற வேலை. இரண்டு கப்பல்கள் இணையாகப் போகும். நடுவே நீருக்கடியில் ஒரு நீளமான இரும்பு வடம். கண்ணியைக் கட்டியிருக்கும் கம்பியில் அந்த வடம் மாட்டினால், கம்பி அறுபடும். கோளம் மேலே மிதக்கும். தூரத்தில் நின்று துப்பாக்கியால் சுட்டு வெடிக்க வைப்பார்கள், அல்லது ஓட்டை போட்டு மூழ்கடிப்பார்கள். இதற்கு வடம் இழுக்கும் வின்ச் பலமாக இருக்க வேண்டும். கப்பலின் அடிப்பாகம் அதிக ஆழத்தில் இறங்காமலும் இருக்க வேண்டும். பெரிய கப்பலை மனதில் வைத்து ஆழம் குறித்த கண்ணிக்கு மேலே சின்னக் கப்பல் தப்பிப் போக வாய்ப்பு உண்டு.

வாய்ப்பு உண்டு என்றுதான் சொன்னேன். நீர்மட்டம் இறங்கியிருந்தாலோ, கண்ணி குறித்ததைவிட மேலே நின்றாலோ வாரப் போன கப்பலே அதில் மோதும். அந்த ஆபத்து தெரிந்தே தினமும் காலையில் அதே கடல் வழியைப் பெருக்கிவிட்டு வர வேண்டும். நேற்றுப் பெருக்கியது இன்றைக்குச் செல்லாது. ராத்திரி யாராவது மறுபடி போட்டிருக்கலாம்.

பார்வதி, பிரபாவதி, லீலாவதி

இரண்டாம் உலகப் போரில் கதை திரும்ப நடந்தது. அதே ஹன்சா கம்பெனியின் கோல்டென்ஃபெல்ஸ் ‘அட்லாண்டிஸ்’ ஆகவும், காண்டெல்ஃபெல்ஸ் ‘பிங்குவின்’ ஆகவும் வேஷம் மாற்றிக்கொண்டு கண்ணிகளோடு தென்கடல்களுக்கு வந்தன.

இந்தப் பக்கம், 1939-இல் ராயல் இந்தியக் கடற்படை மிகச் சிறியது. ஆகவே இந்தியக் கரையோரம் சரக்கும் பயணிகளும் ஏற்றி ஓடிக்கொண்டிருந்த சிறு கப்பல்களை அரசு எடுத்துக்கொண்டது. முன்தளத்தில் ஒரு பீரங்கி, பின்னால் கண்ணி வாரும் வடம். கண்ணி வாருவதற்கும் காவலுக்கும் அனுப்பினார்கள். அவற்றின் பெயர்களைக் கேளுங்கள்: பார்வதி, நேத்ராவதி, லீலாவதி, கலாவதி, சத்யவதி, பிரபாவதி, ரத்னகிரி. நம் தெருவில் வாசல் தெளிக்கும் அம்மாக்களின் பெயர் மாதிரி இருக்கிறது. போர்க்கப்பல் என்று யார் நினைப்பார்கள்?

1941 ஏப்ரலில் இத்தாலியர் வசமிருந்த மசாவா துறைமுகம் பிரிட்டிஷார் கைக்கு வந்தது. செங்கடலில் கண்ணிகளை அகற்றும் வேலை தொடங்கியது. அங்கே ஏப்ரல் 30 அன்று, அசாப் துறைமுகத்துக்கு அருகே, பார்வதி கண்ணியில் மோதி மூழ்கியது. அதே வருடம் டிசம்பரில் லட்சத்தீவு அருகே நின்றுகொண்டிருந்த பிரபாவதியை ஜப்பானிய நீர்மூழ்கி என்று தவறாக நினைத்து, பிரிட்டிஷ் கப்பலான கிளாஸ்கோவே சுட்டு மூழ்கடித்தது. 1942 மார்ச்சில் அந்தமான் நீரிணை ஒன்றில் சோஃபி மேரி என்ற இன்னொரு துணைக்கப்பல் கண்ணியில் போயிற்று.

புதுச்சேரிக்கும் அந்தப் போரில் பங்கு உண்டு. 1940 செப்டம்பரில் ஆளுநர் லூயி பொன்வேன் ஜெனரல் தெ கோல் பக்கம் சேர்வதாக அறிவித்ததால், நம் கரையும் பக்கத்துப் பிரிட்டிஷ் கரையும் ஒரே அணியில் நின்றன. அந்தக் காலத்தில் இங்கே கப்பல்கள் தூரத்தில் நங்கூரமிட்டு நிற்கும். படகுகளில்தான் சரக்கு போய் வரும். கடல்வழி அடைபட்டால் பாலத்துக் கூலியாள் முதல் நிலக்கடலை வியாபாரி வரை எல்லோர் வீட்டு அடுப்பும் அணையும்.

கணக்கு முடியாத கடன்

நான் வங்கியில் சில வருடங்கள் ஏற்றுமதி பில் பார்க்கும் மேஜையில் இருந்தேன். சரக்கு பில்லோடு கடல் காப்பீட்டுப் பத்திரமும் வரும். சாதாரணக் காப்பீட்டில் போர் அபாயம் சேராது. அதற்குத் தனியாகப் பிரீமியம் கட்டித் தனி ஷரத்து வாங்க வேண்டும். அந்த ஷரத்தில் போர், பறிமுதல் எல்லாம் எழுதிவிட்டு, ‘கைவிடப்பட்ட கண்ணிகள், டார்பிடோக்கள், குண்டுகள்’ என்றும் ஒரு வரி இருக்கும். சமாதான காலத்தில் இது எதற்கு என்று இளையவர்கள் கேட்பார்கள்.

அதற்கான விடைதான் மங்கோலியாவும் விம்மெராவும். போர் முடிந்ததாகக் காகிதத்தில் கையெழுத்தாகலாம். கண்ணிக்கு அந்தக் காகிதம் போய்ச் சேராது. ஒருவர் வாங்கிய கடனை, வேறொருவர், பல நாள் கழித்து, உயிரால் கட்டுகிறார். அதைக் கட்டாமல் காப்பாற்றுபவர் கண்ணிவாரி மட்டும்தான்.

இது பழங்கதை என்று நினைக்க வேண்டாம். 2022 மார்ச்சில் கருங்கடலில் கண்ணிகள் மிதந்து வந்து துருக்கிக் கரை வரை சேர்ந்தன. உக்ரைன் துறைமுகங்கள் முடங்கிய அந்த நாட்களில் நம் கடையில் சூரியகாந்தி எண்ணெய் பாக்கெட் என்ன விலைக்குப் போயிற்று என்று வீட்டில் கேட்டுப் பாருங்கள். 2024 ஜனவரியில் துருக்கி, ருமேனியா, பல்கேரியா மூன்றும் சேர்ந்து அந்தக் கடலைப் பெருக்க ஒப்பந்தம் போட்டன.

நம் ஊர்ப் பெயரில் ஒரு வகை

இப்போது நம் ஊருக்கு வருவோம். 1970-களின் கடைசியிலிருந்து சோவியத் யூனியனில் இந்தியக் கடற்படைக்காகக் கண்ணிவாரிகள் கட்டப்பட்டன. முதல் கப்பலின் பெயர் ஐஎன்எஸ் பாண்டிச்சேரி. கடற்படை வழக்கப்படி முதல் கப்பலின் பெயரே அந்த வகைக்கும் ஆகும். ஆகவே உலகக் கடற்படைப் பட்டியல்களில் ‘பாண்டிச்சேரி வகைக் கண்ணிவாரி’ என்றே அது பதிவாகியிருக்கிறது. பக்கத்து ஊரான கடலூருக்கும் ஒரு கப்பல் கிடைத்தது: ஐஎன்எஸ் கடலூர். சண்டையில் பேர் வாங்கும் வேலையைவிட, வழியைச் சுத்தம் செய்து வைக்கும் வேலைக்கு நம் ஊர்ப் பெயர் போனதில் எனக்குப் பெருமைதான்.

ஐஎன்எஸ் கடலூர் 2018 மார்ச் 23 அன்று ஓய்வு பெற்றது. அந்த வரிசையின் கடைசிக் கப்பலான ஐஎன்எஸ் கோழிக்கோடு 2019 ஏப்ரல் 13 அன்று ஓய்வு பெற்றது. அத்தோடு நம் கடற்படையில் இதற்கென்றே இருந்த கப்பல்கள் தீர்ந்தன. மற்றக் கப்பல்களில் தேவைப்படும்போது கருவிகளைப் பொருத்திக்கொள்ளும் யோசனையும் பேசப்பட்டது. நூறு வருடத்துக்கு முன் டிராலர்களைத் தேடியதற்கும் இதற்கும் அதிக தூரமில்லை. 2025 ஜூலையில் புதிய கண்ணி எதிர்ப்புக் கப்பல்கள் வாங்க மத்திய அரசு முதல்கட்ட ஒப்புதல் தந்திருக்கிறது.

ஓய்வு பெற்ற ஐஎன்எஸ் கடலூரைப் புதுச்சேரிக் கடலில் மூழ்கடித்துக் கடலடி அருங்காட்சியகமாக்கும் திட்டம் அறிவிக்கப்பட்டதைச் செய்தித்தாள்களில் படித்திருப்பீர்கள். சுற்றுலா, மீன்வளம் என்று அதற்கு நல்ல காரணங்கள் சொல்லப்படுகின்றன. அதோடு இன்னொன்றும் சேர்ந்தால் நல்லது என்பது என் எண்ணம். அந்தக் கப்பல் என்ன வேலை செய்தது, அதற்கு முன் பார்வதி போன்ற கப்பல்கள் என்ன செய்தன என்று கரையில் ஒரு பலகையாவது தமிழில் இருக்க வேண்டும். கல்கத்தாவில் முதல் உலகப் போரில் இறந்த 896 லஸ்கர் மாலுமிகளுக்கு நினைவுத்தூண் இருக்கிறது. பம்பாயிலும் கடலே கல்லறையாகிவிட்ட மாலுமிகளுக்கு நினைவிடம் இருக்கிறது. நம் கடற்கரைச் சாலையில் பிரெஞ்சுப் போர் நினைவுச்சின்னம் இருக்கிறது. ஜூலை 14 அன்று விளக்கொளியில் அதைப் பார்க்காதவர் நம்மில் இல்லை. கப்பலில் போனவர்களைப் பற்றித்தான் பேச்சு குறைவு.

வுல்ஃப் கடைசியில் என்ன ஆயிற்று என்று சொல்லவில்லையே? போர் முடிந்ததும் நஷ்டஈடாக அது பிரான்சுக்குப் போனது. பீரங்கிகளைக் கழற்றி, அந்தினூஸ் என்று பெயர் மாற்றி, மெஸாஜெரி மாரிதீம் கம்பெனியிடம் கொடுத்தார்கள். அந்தப் பெயர் நம் ஊர்ப் பழைய குடும்பங்களுக்குப் பழக்கமானது. சைகோனுக்குப் போன தாத்தாக்கள் ஏறிய கப்பல்களின் கம்பெனி அதுதான். கண்ணி போட்ட ஓநாய் மறுபடியும் மூட்டை சுமந்தது. 1931-இல் இத்தாலியில் அதை உடைத்து இரும்பாக விற்றுவிட்டார்கள்.

உங்கள் வீட்டில் கப்பலில் வேலை பார்த்தவர்கள், சைகோன் கப்பலில் போனவர்கள், கடற்படையில் இருந்தவர்கள் யாராவது உண்டா? பழைய பாஸ்போர்ட், மாலுமிப் புத்தகம், ஒரு போட்டோ எது இருந்தாலும் சரி. அவர்களைப் பற்றி ஒரு பக்கம் எழுதி நம் சங்க அலுவலகத்தில் கொடுங்கள். எழுத வராவிட்டால் வந்து சொல்லுங்கள், நான் எழுதிக்கொள்கிறேன். சொல்லக்கூடியவர்கள் எண்பதைத் தாண்டிவிட்டார்கள், ஆகவே அடுத்த இதழுக்கே கொடுத்தால் நல்லது.